டிஎஃப்எம் கோப்பைப் படிக்க யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு அச்சுக்கோப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அமைத்த பழைய கணித நூல் மறுபதிப்புக்கு வந்திருக்கிறது. ஆங்கில 'ஏ'வுக்கும் 'வி'க்கும் இடையே எவ்வளவு நெருக்கம் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எழுத்துருவின் டிஎஃப்எம் கோப்பை நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கலாக இருக்கிறது. 'டீகோட்' செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்தக் கோப்பில் பூட்டே இல்லை, உடைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம், உயரம், அடிக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கும், எந்த எழுத்தோடு சேர்ந்தால் நெருங்கும் என்ற கணக்குதான் அதில் உள்ளது. நிறைய விவரத்தைச் சிறிய இடத்தில் அடக்க 1980இல் லைல் ராம்ஷா வகுத்த வடிவம் அது. நோட்பேட் அந்த எண்களை எழுத்துகளாக எடுத்துக்கொள்வதால்தான் கிறுக்கல். பார்த்தாயிற்று என்றால் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் கோப்பு பாழ்.

டெக்கை நிறுவும் தொகுப்புகளான டெக் லைவ் அல்லது மிக்டெக் உங்கள் கணினியில் இருந்தால் கருவியும் அங்கேயே இருக்கிறது. கட்டளைத் திரையில் டி, எஃப், டி, ஓ, பி, எல் என்ற ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். இடைவெளி விட்டு டிஎஃப்எம் கோப்பின் பெயர். மறுபடி இடைவெளி விட்டு, பிஎல் என்று முடியும் புதுப் பெயர். வேலை முடிந்தது. கோப்பு இன்றைய வடிவத்துக்கு வரும் முன்பே, 1978இல், இந்தக் கருவியின் முதல் பதிப்பை லியோ கிபாஸ் அமைத்துவிட்டார். இத்தனை காலம் கழித்தும் இதற்குக் கட்டணம் கேட்க ஆள் இருக்கிறார் என்றால், புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த ஒரு வரியைக்கூடச் சொல்லித்தராத நிறுவனங்கள்தான் காரணம்.

பிஎல் கோப்பை நோட்பேடிலேயே படிக்கலாம். எந்த எழுத்து எதனோடு சேர்ந்தால் நெருங்கும் என்று சொல்லும் 'லிக்டேபிள்' பகுதியில் 'ஏ'வுக்கான 'லேபிள்' வரியைத் தேடி, அதன் கீழே 'வி'யைப் பாருங்கள். டெக்கின் வழக்கமான எழுத்துருவான பத்து பாயின்ட் கம்ப்யூட்டர் மாடர்ன் ரோமனில் அங்கே மைனஸ் 0.111112 என்று இருக்கும். அது பாயின்ட் அல்ல, எழுத்துருவை எந்த அளவுக்கு வடிவமைத்தார்களோ அந்த அளவின் (இங்கே பத்து பாயின்ட்) பங்கு. பத்தால் பெருக்கினால் சுமார் 1.11 பாயின்ட் நெருக்கம். 'ஏ'யின் அகலம் 0.750002, அதாவது ஏழரை பாயின்ட்.

எழுத்தின் உருவம் டிஎஃப்எம்மில் கிடையாது. அதிலிருந்து எழுத்துருவையே மீட்டுத் தருகிறேன் என்பவர் ஏமாற்றுகிறார். உயரங்களும் ஒரு கோப்பில் 16 வகைக்கு மேல் இருக்க முடியாது, அதிகமானால் தோராயமாக்கிவிடுவார்கள். ஆகவே வடிவமைத்தவர் வைத்த உயரத்தை அப்படியே மீட்பதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். இணையத்தில் ஏற்றி மாற்றித்தரும் தளங்களும் வேண்டாம். பதிப்பகம் விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவின் கோப்பை வெளியே அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லாமல் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. அதே பெயரில் விஎஃப் கோப்பும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது மெய்நிகர் எழுத்துரு. டைம்ஸ் எழுத்துருவுக்கான பிடிஎம்ஆர்7டி அப்படிப்பட்டது. எழுத்துகளைப் பிடிஎம்ஆர்8ஆர் போன்ற வேறு கோப்பிலிருந்து எடுத்துவருகிறது. மேலே சொன்ன கருவி இதையும் முணுமுணுக்காமல் மாற்றித்தரும், 'ஏ–வி' நெருக்கமும் சரியாகவே வரும். ஆனால் எந்த எழுத்து எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெரியாது. அதற்கு வி, எஃப், டி, ஓ, வி, பி என்ற கருவி உண்டு. முதலில் விஎஃப், அடுத்து டிஎஃப்எம், கடைசியில் விபிஎல் என்று முடியும் பெயர். இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு அகலம் எதையாவது மாற்றினால், வி, பி, டி, ஓ, வி, எஃப் கருவியால் இரண்டு கோப்பையும் சேர்த்தே மறுபடி உருவாக்க வேண்டும். டிஎஃப்எம்மை மட்டும் புதுப்பித்தால் டெக் ஓர் அகலத்தில் வரியை அமைக்கும், விஎஃப் பழைய அகலத்தையே சொல்லும். எழுத்துகள் இடம் தவறி விழும். இப்படிக் குழம்பிய பக்கங்களைப் பிழைதிருத்துநர் தலையில் கட்டுவது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது.

மாற்றிய கோப்புக்குப் புதுப் பெயர் வையுங்கள். கம்ப்யூட்டர் மாடர்னைப் பொறுத்தவரை அது டெக்கையும் அந்த எழுத்துருவையும் உருவாக்கிய டொனால்ட் நூத் கேட்டுக்கொண்டதும்கூட. பழைய பெயரிலேயே விட்டால், அதே நூல் உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் பதிப்பகத்தின் கணினியில் வேறு மாதிரியும் வரி உடையும்.