வந்த விமர்சனத்துக்காக நாவலை எடுத்துவிட வேண்டாம்

தங்கச்சி, கிண்டிலில் போட்ட காதல் நாவலுக்கு 'ஒரே பிழை' என்று விமர்சனம் வந்ததால் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. திருத்திய கோப்பை அதே பக்கத்தில் மறுபடி ஏற்றலாம்.

நீங்கள் பகிர்ந்த அத்தியாயத்தை வாசித்தேன். ன, ண குழப்பத்தை யாரும் திருத்தித் தருவார்கள். ஆனால் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாக் கடற்கரையில் காதலர் இருவரும் சூரியன் கடலுக்குள் மறைவதைப் பார்க்கிறார்களே! நம்முடைய கிழக்குக் கடலில் அது உதிக்கத்தான் செய்யும். அந்திதான் வேண்டுமென்றால் கல்லடி வாவிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். ஆரையம்பதி அம்மம்மா சென்னை சீரியல் மாமியார் மாதிரிப் பேசுவதும் இடிக்கிறது. 'பிறகு' என்பதற்கு மட்டக்களப்பில் சொல்கிற ஒரு 'மறுகா'வாவது சொல்லட்டும். (சண்டைக் காட்சி நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.)

தொடராக எழுதியதால் அத்தியாயம்தோறும் முன்கதை வருகிறது. சரி, அதை வெட்டிவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். சொந்தக்காரர் வேண்டாம், பாராட்டிவிடுவார்கள்.