குக்கரை ஓரமாக வையுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு 27 வயது. ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கும்பகோணத்தில் வேலை, தனி அறை. மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பும் குக்கரும் வாங்கிவிட்டேன். தையில் அறுத்த நெல்லை அவித்து அரைத்து அம்மா அரிசி கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் சோறு களியாகிவிடுகிறது. சாம்பார் வைத்துப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை. போனில் கேட்டால் அம்மா எல்லாவற்றுக்கும் "கொஞ்சமா போடு" என்கிறார். எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: சோறு களியானதற்கு உங்கள் கை காரணமில்லை தம்பி, அரிசிதான் காரணம். புது அரிசி அவ்வளவு தண்ணீர் வாங்காது, சீக்கிரம் குழைந்துவிடும். மூன்று பங்கு என்பது ஒரு வருஷம் கிடந்த அரிசிக்கான கணக்கு. இனி எந்த அரிசி வந்தாலும் கணக்கே வேண்டாம் என்றால், நம் பக்கத்துப் பழைய வழிக்கு வாருங்கள். வடித்துவிடுங்கள்.

அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்குங்கள். கடைக்கு ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். அடியில் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். ஒரு டம்ளர் அரிசி உங்களுக்கு இரண்டு வேளைக்கு வரும். கழுவி அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். ஆறேழு டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அரிசியைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். கால் மணி கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியாவிட்டால் வெந்துவிட்டது. மூடியைத் துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு கஞ்சியை வடியுங்கள். ஆவி கையைச் சுட்டுவிடும், அதில் மட்டும் அவசரம் கூடாது. கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடியுங்கள், மெஸ் கெடுத்த வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

இரவு மிஞ்சிய சோற்றைச் சூட்டோடு ஹாட்பாக்ஸில் மூடி வைக்காதீர்கள். ஆறியதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் இருந்தால் டிபன் கவலை விட்டது.

சாம்பாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பருப்பு, காய், புளி மூன்றும் ஒருசேர அமைய வேண்டும்; அது தொடங்குகிறவருக்கு அல்ல. நீங்கள் வைக்க வேண்டியது வத்தக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓடும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் காலையும் மாலையும் கொதிக்கவைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

எலுமிச்சை அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் குழம்பும் கஞ்சத்தனமாகத்தான் வரும். கடுகு வெடித்ததும் கால் டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி மணத்தக்காளி வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. இண்டக்‌ஷனில் எண்ணெய் சட்டென்று காய்ந்துவிடும். சூட்டைக் குறைத்துக்கொண்டு தாளியுங்கள். வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். இரண்டு டீஸ்பூன் குழம்புப்பொடியை எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, உடனே புளித்தண்ணீரை ஊற்றுங்கள். வற்றலிலேயே உப்பு இருக்கும், ஆகவே முதலில் அரை டீஸ்பூன் போதும். கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

அப்புறம் வேலை கொதிக்கவிடுவதுதான். பலரும் பத்து நிமிஷத்தில் இறக்கிவிட்டு, பச்சைப்புளி வாசனை அடிக்கிறதே என்பார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலாக வற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அரை மணி ஆனாலும் சரி, பொறுத்திருங்கள். நெல்லிக்காய் அளவில் பாதி வெல்லம் போட்டு இறக்குங்கள்.

அம்மாவின் "கொஞ்சம்" என்ன அளவு என்று போனில் தெரியாது. அடுத்த தடவை ஊருக்குப் போனால் அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் கையில் எடுப்பதை ஒரு டீஸ்பூனில் கொட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பார், சிரிக்கட்டும். வரும்போது குழம்புப்பொடியும் வற்றலும் கேட்டு வாங்கி வாருங்கள்.

தொட்டுக்கொள்ளத் தினமும் பொரியல் பண்ண வேண்டியதில்லை. பொரித்த அப்பளம், அவித்த முட்டை போதும். கை கொஞ்சம் பழகியதும் வாழைக்காய் வறுவலில் இறங்குங்கள். நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பிசின் ஒட்டாது.