பழைய துருத்திக் கேமராவில் பறக்கும் விமானம்

கேள்வி: தாத்தாவின் பழைய 4க்கு 5 அங்குல துருத்திக் கேமரா வீட்டில் இருக்கிறது. கண்ணாடித் திரையில் படம் தலைகீழாகத் தெரிகிறது, ஃபிலிம் செருகியதும் அதுவும் மறைந்துவிடுகிறது. பறக்கும் விமானத்தை இதில் எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. ரைட் சகோதரர்களின் முதல் பறத்தலே அப்படி எடுத்த படம்தானே! 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக் அருகே மணல்வெளி. 5க்கு 7 அங்குலக் கண்ணாடித் தட்டுக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, விமானம் எழும்பும் என்று தான் கணித்த இடத்துக்கு ஆர்வில் முன்கூட்டியே குறிவைத்துவிட்டார். ஷட்டரை இயக்கும் ரப்பர் குமிழை அமுக்கும் வேலை மட்டும் கடலோர மீட்பு நிலையத்து ஜான் டேனியல்ஸுக்கு. பரபரப்பில், அமுக்கினோமா இல்லையா என்றே அவருக்கு நிச்சயமில்லை. சகோதரர்கள் தங்கள் ஊரான டேட்டனுக்குத் திரும்பி, தட்டைக் கழுவியபோதுதான் தெரிந்தது: ஓடுபாதையாகப் போட்ட தண்டவாளத்தை விட்டு அப்போதுதான் எழுந்த விமானம், பக்கத்தில் ஓடிவந்த வில்பர், இறக்கையைத் தாங்கியிருந்த சின்ன பெஞ்சு, மணலில் ஒரு மண்வெட்டி, எல்லாமே அத்தனை துல்லியமாக!

நீங்களும் அதையே செய்யுங்கள். அனுமதி உள்ள இடத்தில், விமானம் கடக்கும் தூரத்துக்கு முதலிலேயே ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். அப்புறம் கேமராவைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். ஷட்டரில் உள்ள அதிகபட்ச வேகத்தை வையுங்கள். பழைய லென்ஸ் ஷட்டர்கள் மெதுவானவை என்பதால், பக்கவாட்டில் பாய்வதைவிட உங்களை நோக்கி வரும் விமானம்தான் கூர்மையாக விழும். ஒரு முறை கடந்தால் ஒரே ஒரு ஃபிலிம் ஷீட்தான், அவசரப்படாதீர்கள்.