“சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்கும்போது

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 21 வயது. கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். போன வருஷம் அக்கா கல்யாணத்தில் சித்தி என்னைப் பார்த்து, “என்னடி, நல்லா பூசினாப்பல ஆயிட்டே” என்றார். மறுநாளே காலை டிபனை நிறுத்தினேன். அப்புறம் மதியச் சோற்றையும். ராத்திரி 11 மணிக்கு மேல் என்ன செய்கிறேன் என்றே தெரிவதில்லை. ரூம்மேட் விழித்துவிடக் கூடாதென்று போர்வைக்குள் பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிப்பேன். அறையில் எல்லோருக்கும் என்று அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை ஒரே ராத்திரியில் காலி செய்தேன். பிறகு வாந்தி எடுத்துவிடுவேன். வாரத்தில் நாலைந்து நாள் இப்படித்தான். எடை அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அம்மா தினமும் போனில் “சாப்பிட்டியா?” என்பார். “சாப்பிட்டேன்மா” என்று சொல்லி வைத்துவிடுவேன். வாயைக் கட்டத் தெரியாதவளா நான்?

அன்புத் தங்கைக்கு,

இல்லை. வாயை அளவுக்கு மீறிக் கட்டியதால் வந்தது இது. பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் ராத்திரி உடம்பு சும்மா இருக்காது. தின்ற குற்ற உணர்ச்சியில் வாந்தி, மறுநாள் வைராக்கியமாகப் பட்டினி, ராத்திரி மறுபடி பிஸ்கட். நீங்கள் எழுதியிருப்பது புலிமியா என்ற நோயோடு பொருந்துகிறது. டாக்டர் நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். இதில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வயசுப் பெண்ணின் உடம்பைப் பற்றிக் கல்யாண வீட்டில் பேசுவதை நாம் எப்போது விடப்போகிறோமோ, எனக்கு மனசு ஆறவே இல்லை.

அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்த வாரமே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து மனநல மருத்துவர். சிபிடி என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அந்தச் சிகிச்சையில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவதைத்தான். நாளைக் காலை மெஸ்ஸுக்குப் போய் உட்காருங்கள். ராத்திரி கை பிஸ்கட்டைத் தேடும்போது 14416-க்கு போன் செய்யுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அம்மா இன்றைக்கும் கேட்பார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். “சாப்பாட்டு விஷயத்துல எனக்கு உடம்பு சரியில்லம்மா, டாக்டர்கிட்ட போகணும், நீ கூட வா.” இவ்வளவு போதும்.