பல்கலைக்கழக உளவியல் கிளினிக்கில் படிக்கும் மாணவர்கள்தான் சிகிச்சை தருகிறார்களாமே, நம்பிப் போகலாமா, இல்லை சோதனை எலி ஆகிவிடுவோமா?

கட்டணம் குறைவு என்பதால் அங்கே பெயர் கொடுக்க நினைத்திருப்பீர்கள். பக்கத்தில் யாரோ, ‘படிக்கிற பிள்ளைகள் கற்றுக்கொள்ள நீதான் கிடைத்தாயா’ என்று கிளப்பிவிட்டிருப்பார்கள். கேள்வியில் ‘சோதனை எலி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நான்.

போகலாம்.

உளவியல் கிளினிக் என்பதே பல்கலைக்கழகத்துக்குள் பிறந்ததுதான். 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கினார். எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு சிறுவன்தான் முதல் கேஸ். அவனை அழைத்து வந்த பள்ளி ஆசிரியை விட்மரிடமே படித்துக்கொண்டிருந்தவர். ஆக, மாணவர்கள் இதில் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள்.

மாணவி என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அமர்வைப் பதிவு செய்வோம். எங்களை மேற்பார்க்கும் உரிமம் பெற்ற உளவியலாளர், அதாவது சூப்பர்வைசர், அதைக் கேட்பார். அறிக்கையில் அவர் கையெழுத்தும் விழும்.

என்னிடம் வந்தவர்களில் ஒரு பெரியவர். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ரகசியம் காக்கத் தெரியாதவள் என்று கமெண்டில் பாய வேண்டாம்.) தூக்கம் வரவில்லை என்று வந்தார். என்னைப் பார்த்ததும், “ஏம்மா, பெரிய டாக்டர் எப்போ வருவாங்க?” என்றார். நான்தான் பார்க்கப்போகிறேன், சூப்பர்வைசர் பதிவைக் கேட்பார் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியை ரெக்கார்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “வணக்கம் மேடம்” என்று ஆரம்பித்துவிட்டார். வாரக்கணக்கில் இப்படித்தான். கேள்வி நான் கேட்பேன், பாதிப் பதில் ரெக்கார்டருக்குப் போகும்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். சூப்பர்வைசரோ பதிவை ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். “எதையெதை உன்கிட்ட சொல்றார், எதை ரெக்கார்டர்கிட்ட சொல்றார்னு பாரு” என்றார். மாத்திரை, மூட்டுவலி, நடைப்பயிற்சி எல்லாம் என்னிடம். இறந்துபோன மனைவி பற்றிய பேச்சு வந்தால் குரல் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பேத்தி வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அழ அவருக்குக் கூச்சம். அப்படியே பேசட்டும் என்று விட்டோம். அதன் பிறகுதான் அவர் எதற்காக வந்தார் என்பதே வெளியே வந்தது.

தனியாக கிளினிக் நடத்தும் எத்தனை நிபுணர்கள் உங்களோடு பேசிய ஒரு மணி நேரத்தை இன்னொருவரோடு உட்கார்ந்து இப்படித் திருப்பிக் கேட்பார்கள்?

உடனே ‘அப்போ அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா’ என்று வருவீர்கள். இருக்கிறது. ஆனால் 1979-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஸ்ட்ரப்பும் சூசான் ஹாட்லியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை தேவைப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை அனுபவமிக்க சிகிச்சையாளர்களிடமும், இன்னொரு பகுதியினரை சிகிச்சைப் பயிற்சி இல்லாத, ஆனால் அன்பாகப் பழகும் பேராசிரியர்களிடமும் அனுப்பினார்கள். சராசரி முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறிய ஆய்வு, கல்லூரி வயதுப் பையன்கள், கடும் நோய் உள்ளவர்கள் இல்லை. எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ முதலில் மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள். பயிற்சி கிளினிக் அதற்கான இடமில்லை. நல்ல கிளினிக் என்றால் முதல் விசாரிப்பிலேயே அதைச் சொல்லி அனுப்பிவிடும்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறோர் இடத்தில். நாங்கள் சம்பளமில்லாமல் கேஸ் பார்த்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு எழுதி, திருத்தி வந்த அறிக்கையை மறுபடி எழுதிக்கொண்டிருந்தோம். அதே நேரம் இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு ‘மைண்ட் கோச்’ என்று ஒருவர் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போகிறவர்கள் யாரும் ‘நம்பலாமா’ என்று கேள்வி போட்டு நான் பார்த்ததில்லை. சரி, விடுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மாணவரின் வயதைப் பற்றி இல்லை. கல்வியாண்டு முடிந்ததும் அவர் போய்விடுவார். மனசு திறந்து பேசப் பழகிய நேரத்தில் ஆள் மாறுவது உண்மையிலேயே கஷ்டம். என் பெரியவரை அடுத்த மாணவரிடம் ஒப்படைக்க மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். புதுப் பையனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, ரெக்கார்டரை ஒழுங்காகப் போடத் தெரியுமா என்பது. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. அதனால் பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்: மாணவர் எந்த மாதம் வரை இருப்பார், அதன் பிறகு யார் பார்ப்பார்கள், பதிவுகளை எப்போது அழிப்பார்கள், சூப்பர்வைசரின் பெயர் என்ன. சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போன் செய்துவிடுங்கள்.