இதயம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கே: அப்பாவுக்கு 79 வயது. இரண்டு வாரமாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறது, காலும் வீங்கியிருக்கிறது. இதயத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'என்டி-புரோபிஎன்பி' 2,400 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பக்கத்திலேயே '125-க்குக் கீழ்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட இருபது மடங்கு! இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ப: அந்த 125-ஐ முதலில் மறந்துவிடுங்கள். புறநோயாளியாக வருபவருக்கு இதயக் கோளாறு இல்லை என்று விலக்கிவைக்க உதவும் அளவு அது. மூச்சுத் திணறலோடு வருபவருக்குக் கணக்கு வேறு. 300-க்குக் கீழ் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதயம் அல்ல. இதயச் செயலிழப்பு என்று சொல்ல 50 வயதுக்குள் 450, 50 முதல் 75 வரை 900, 75-க்கு மேல் 1,800 தாண்ட வேண்டும். உங்கள் அப்பாவின் 2,400 அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, ஆனால் வெகுதூரம் தாண்டவில்லை. ('செயலிழப்பு' என்ற சொல்லே பாதி பேரை நடுங்க வைக்கிறது. இதயம் நின்றுபோவதைச் சொல்லும் சொல் அல்ல அது. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது, அவ்வளவுதான்.)

இதயத் தசை இழுபட்டால் அது என்டி-புரோபிஎன்பி என்ற இந்தப் பொருளை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தாலும், நாடி ஒழுங்கில்லாமல் துடித்தாலும் அளவு ஏறும். வயதானவர்களுக்கு இவை பெரும்பாலும் கூடவே இருக்கும். உடல் பருத்தவர்களுக்கோ நோய் முற்றியிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும்.

எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் கணக்கு அது. ஒருவருக்கு நாள் குறித்துச் சொல்லாது. எதிர்காலத்தைப் பற்றி ஓரளவு சொல்வது ஒற்றை எண் அல்ல, அது போகும் திசை. அட்மிஷனில் 2,400 இருந்து, டிஸ்சார்ஜ் அன்று 30 சதவீதமாவது இறங்கி 1,680 அல்லது அதற்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. உடம்பில் தேங்கிய நீர் வடிந்தும் எண் இறங்கவில்லை என்றால் டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் 1,700 என்பது 1,900 ஆனால் பதற வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் உடம்பின் இயல்பு.

அதே ரிப்போர்ட்டில் சோடியத்தைப் பாருங்கள். 135-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது நல்ல சகுனம் இல்லை. ரத்தத்தில் உள்ள 'அல்புமின்' என்ற புரதம் குறைந்திருந்தாலும் அப்படியே. சிறுநீரகத்தை அளக்கப் பார்க்கும் கிரியாட்டினின் ஏமாற்றும்: தசை வற்றிய ஒல்லியான முதியவருக்கு 1.1 என்று வந்தால் லேப் 'நார்மல்' என்று போடும், சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால், தசையை அவ்வளவாகச் சாராத 'சிஸ்டாட்டின் சி' என்ற சிறுநீரகப் பரிசோதனை பார்க்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயங்கள் ரத்தப் பரிசோதனையில் வராது. போன ஆறு மாதத்தில் எத்தனை முறை ஆஸ்பத்திரியில் படுத்தார், கழிவறைக்குத் தானே நடக்கிறாரா, வீக்கம் வடிந்த பிறகும் எடை கரைகிறதா என்று பாருங்கள். எண்ணை இறக்குவதற்காகவே மருந்தைக் கூட்டிப் பார்த்த 'டைம்-சிஎச்எஃப்' ஆய்வு 2009-இல் வெளியானது. அந்த முறையால் 75-க்கு உட்பட்டவர்களுக்குப் பலன் தெரிந்தது, தாண்டியவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே மாதாமாதம் இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், அதே வேட்டியோடு நிறுத்திக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கே: ஒரு மருத்துவமனையில் 'புரோ-பிஎன்பி' 3,100. மாத்திரை மாற்றியபின் வேறு லேபில் 'பிஎன்பி' 640. அம்மாவுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா?
– வாசகர், வில்லியனூர்

ப: இப்போது வேண்டாம். 'புரோ-பிஎன்பி' என்று லேப் சுருக்கிப் போடுவது பெரும்பாலும் என்டி-புரோபிஎன்பியைத்தான். அதுவும் பிஎன்பியும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த வேறு வேறு துண்டுகள். ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. மாற்றிய மாத்திரையில் 'சக்குபிட்ரில்' என்ற இதய மருந்து இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். அது பிஎன்பி உடைவதைத் தடுப்பதால், நோய் கூடாமலே பிஎன்பி ஏறலாம். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு என்டி-புரோபிஎன்பிதான் சரி. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

கே: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 12.1. ரத்தசோகை இல்லை என்கிறார்கள், ஆனால் இரும்புச்சத்து ஊசி போடச் சொல்கிறார்கள். எதற்கு?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ப: இதய நோயாளிக்கு இரும்புக்குறையை ஹீமோகுளோபினை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழ், அல்லது 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறை என்றே கொள்வார்கள். இரும்பு இல்லாவிட்டால் தசைக்குச் சக்தி வராது. நாலு அடி நடந்தாலே களைப்பு. பம்பிங் குறைந்தவர்களுக்கு ஊசியால் நடை மேம்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரை குடலில் சரியாக ஏறாததால் அதே பலன் கிடைப்பதில்லை.

கே: உப்பைக் குறைக்கச் சொன்னதால் கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு வாங்கினோம். தினமும் இளநீரும் கொடுக்கிறோம். இப்போது பொட்டாசியம் 5.6.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. இளநீரிலும் பொட்டாசியம் ஏராளம். பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் 'ஸ்பைரோனோலாக்டோன்' போன்ற இதய மாத்திரையும் சேர்ந்தால் இப்படி ஏறும், இதயத்துடிப்பே குழம்பலாம். அந்த உப்பையும் இளநீரையும் இன்றே நிறுத்துங்கள். பலாச்சுளையும் வேண்டாம். இன்றே இசிஜி எடுத்து, ரத்தத்தையும் மறுபடி பாருங்கள். ரத்த அணுக்கள் உடைந்த சாம்பிளிலும் பொட்டாசியம் பொய்யாக ஏறித் தெரியும். 5.5-ஐத் தாண்டினால் அந்த மாத்திரையைப் பாதியாக்குவார்கள், 6 தாண்டினால் நிறுத்துவார்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சமையலுக்குப் பழைய உப்பே போதும், அளவைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் தட்டிலிருந்து எடுத்தாலே பெரும் பகுதி உப்பு போய்விடும்.