'தி கிரைசிஸ்' இதழின் பழைய பிரதிகளும் அலுவலகக் கடிதங்களும் எங்கே கிடைக்கும்?

இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. அச்சான இதழ் வேறு, ஆசிரியரின் கோப்புகள் வேறு.

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1910 நவம்பரில் தொடங்கி, ஆசிரியராக இருந்து நடத்திய இந்தக் கறுப்பின மாத இதழின் 1910–1922 பிரதிகள் 'மாடர்னிஸ்ட் ஜர்னல்ஸ் புராஜெக்ட்' தளத்தில் இலவசம். கூகுள் புக்ஸிலும் பார்க்கலாம். ஆனால் நூலகங்கள் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடுவது அன்றைய வழக்கம். கறுப்பினத்தவர் கல்லூரிகள், கடைகள் பற்றிய தகவல் அந்த விளம்பரங்களில்தான் இருக்கும். அதனால் பக்க எண் தொடர்ச்சியாக இருப்பதைப் பார்த்துப் பிரதி முழுமையானது என்று முடிவு கட்டாதீர்கள்.

கடிதங்களுக்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹெர்ஸ்ட் நூலகத்தின் டுபாய்ஸ் தொகுப்பு (தொகுப்பு எண்: எம்எஸ் 312). சுமார் ஒரு லட்சம் உருப்படிகள், 'கிரெடோ' தளத்தில் ஸ்கேனாகவே படிக்கலாம். 1929 ஜூலை இதழில் காந்தியின் செய்தி வந்தது. அதைக் கேட்டு டுபாய்ஸ் எழுதிய கடிதம் அதே ஆண்டு பிப்ரவரியைச் சேர்ந்தது. ஆகவே இதழ்த் தேதிக்கு ஐந்தாறு மாதம் முன்னிருந்தே தேடுங்கள். அம்பேத்கர் 1946-ல் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதமும் இங்கேதான் இருக்கிறது.

தேடுசொல்லில்தான் பலர் சறுக்குவார்கள். 'பிளாக்' என்று தேடினால் அதிகம் சிக்காது. அக்கால வழக்கான 'நீக்ரோ', 'கலர்டு' என்று போடுங்கள்.

மேற்கோள் தரும்போது தொகுதி எண் மட்டும் போதாது, மாதமும் ஆண்டும் வேண்டும்; ஆரம்பத்தில் ஆறு இதழ்களுக்கு ஒரு தொகுதி. கடிதமென்றால் அந்தந்த ஸ்கேனின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1934-ல் டுபாய்ஸ் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குப் பிந்தைய விவகாரங்களுக்கு, வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்திலுள்ள என்ஏஏசிபி (இதழை வெளியிட்ட கறுப்பினத்தவர் உரிமை அமைப்பு) ஆவணங்களைப் பாருங்கள்.